தணிப்பான்

சோதனைப் பாதையின் இருபத்திரண்டாவது மீட்டரில் சவரிமுத்து சிரித்தார். இருபத்து மூன்றாவது மீட்டரில் குப்புற விழுந்தார்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூத்துக்குடி ஒத்திசைவுச் சோதனைக் கூடத்தில் வடிவு மூன்று நாளாக அவரை நடக்கவிட்டுக்கொண்டிருந்தாள். நேராக, வளைவாக, படியேறி, மணலில், ஈரத் தரையில். அவருடைய தகட்டில் புதிய பதினோராம் பதிப்பு இயங்குதளம் ஏற்றப்பட்டிருந்தது. அதன்மேல் அவருடைய பழைய நடைச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டாயிரத்து நூறு சோதனைகளுக்கும் பச்சை விழுந்திருந்தது. கடைசிச் சுற்றில் அவருக்கு மகனிடமிருந்து அழைப்பு வந்தது. ரெக்ஸன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். வலையில் நல்ல சீலா மீன் மாட்டியிருக்கிறது, அம்மா தெருவுக்கே பங்கு வைத்து முடிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அவன் சொன்னதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மடங்கின.

உதட்டில் ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்து, தரை வழுக்கிவிட்டது என்று சமாதானம் சொன்னார். தரை காய்ந்துதான் கிடந்தது. வடிவு திரையைப் பின்னோக்கி ஓட்டினாள். சிரிப்பு தொடங்கிய இடத்தில் கால் நொடிக்கு நடைச் செயலி செத்துப் போயிருந்தது.

அப்போது தமிழ்நாட்டில் மட்டும் மூன்று கோடிப் பேருக்குப் பிடரியில் நரம்புத்தகடு இருந்தது. விரல் நகம் அளவுள்ள சாதனம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ரத்தத்தைப் பார்த்து மருந்து சுரந்தது, வலிப்பு உள்ளவர்களுக்கு மூளையில் கிளம்பும் மின்புயலை அடக்கியது, முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு அறுந்துபோன நரம்புக்கு மாற்றாக நின்று காலுக்குக் கட்டளை கொண்டுபோனது. தகட்டை ஓட்டும் இயங்குதளம் ஒன்றுதான். அதன்மேல் ஓடும் செயலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனம் செய்தது. வருடா வருடம் தளம் புதுப்பிக்கப்படும். புதுத்தளத்தில் பழைய செயலி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வடிவின் வேலை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் வலிப்பு வந்து விழுந்து, சுற்றி நின்ற கூட்டத்தின் நடுவே கண்விழித்தவள். அதன்பிறகு அவள் பிடரியிலும் தகடு வந்தது, வலிப்பு வரவில்லை. தன் வேலை எத்தனை பேரைத் தாங்குகிறது என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிழையைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. பழைய தளங்களில் நடைச் செயலி கையில் எடுத்த நரம்புத் தடத்தை, அதுவாக விடும்வரை யாரும் பிடுங்க முடியாது. பதினோராம் பதிப்பில் ஒரு புது விதி வந்திருந்தது. நெஞ்சுக்காவல் என்ற செயலிக்கு எல்லாவற்றுக்கும் முந்திய உரிமை. நாடித்துடிப்பு சட்டென்று ஏறினால் அது தடத்தைக் கால் நொடி பறித்துக்கொண்டு இதயத்தைச் சோதிக்கும். இப்படி ஒரு குறுக்கீடு வரக்கூடும் என்பது பழைய நடைச் செயலிக்குத் தெரியாது. அது அடியின் கணக்கைத் தவறவிட்டது. ஆகவே, சவரிமுத்து சிரித்தால் விழுவார். தன்மேல் மோதி முதுகுத்தண்டை முறித்த லாரியை நினைத்துக் கோபப்பட்டபோதும் விழுந்தார். பின்னால் ஒரு தகரத்தைத் தட்டிப் பயமுறுத்தியபோதும் விழுந்தார்.

நடைச் செயலியைச் செய்த சிறு நிறுவனம் ஆறு வருடத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. மூல நிரல் யாரிடமும் இல்லை. நாடு முழுக்க அதை நம்பி நடப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். விதியைத் தளர்த்த முடியுமா என்று வடிவு தலைமையகத்துக்கு எழுதினாள். நெஞ்சுக்காவல் விதியால் வருடத்துக்குப் பதினோராயிரம் பேர் பிழைப்பார்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காக அதைத் தொட முடியாது என்று பதில் வந்தது. அதில் பொய் இல்லை. பழைய தளத்திலேயே இருந்துகொள்ளவும் வழியில்லை. ஏழு நாள் சலுகைக்குப் பிறகு புதுப்பிக்காத தகடுகளை மருத்துவ வலை துண்டித்துவிடும், பிறகு அவை இயங்காது.

புதுத்தளம் எல்லோருக்கும் போவதற்குப் பதினேழு நாள் இருந்தது. எல்லோரும் கைவிட்ட பிறகு வடிவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தளத்தை மாற்ற முடியாது, செயலியை மாற்ற முடியாது. ஆனால் நெஞ்சு துள்ளாவிட்டால் நெஞ்சுக்காவல் குறுக்கே வராதே. மூளையில் ஒரு கொந்தளிப்பு கிளம்பியதுமே, அது மார்புக்குப் போய்ச் சேரும் முன்னால் தகட்டிலேயே மடக்கித் தட்டையாக்கும் தொண்ணூறு வரி நிரல் ஒன்றை எழுதினாள். அதற்குத் தணிப்பான் என்று பேர் வைத்தாள்.

சவரிமுத்துதான் முதலில் போட்டுக்கொண்டார். வடிவு தகரத்தைத் தட்டினாள். அவர் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மகன் அழைத்துப் பேசினான். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே படியேறினார். ஒரு அடி பிசகவில்லை.

கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம் என்று வடிவு எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தார்கள். சேலத்தில் ஒரு பெண் தன் மகளைப் பள்ளிக்கூட வாசல்வரை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போன படத்தை அனுப்பியிருந்தாள். வடிவு அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். வேலையில் அவ்வளவு பெருமையாக அவள் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

எட்டு மாதம் கழித்து ரெக்ஸன் செத்துப்போனான். மணப்பாட்டுக்கு அப்பால் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. செய்தியில் பெயரைப் பார்த்த வடிவு துக்கம் விசாரிக்கப் போகவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டாள். அடக்கம் முடிந்து பத்தாவது நாள் சவரிமுத்துவின் மனைவி லூர்தம்மாள் சோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. சர்க்கரைக்காகத் தகடு வைத்தவள். வந்து உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல், நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சவப்பெட்டியின் முன்பக்கத்தை அவர்தான் தூக்கினார். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை ஒரு தடுமாற்றம் இல்லை. குழியில் இறக்கும்போது கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு என்றார். ஊரில் எல்லோரும் அவருடைய மனத்திடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

"அவரு நல்ல மனுஷன் வடிவு. கோவிச்சுப் பேசல, குடிக்கல, எனக்கு மாத்திரையெல்லாம் நேரத்துக்கு எடுத்துத் தாராரு" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா எங்க வீட்டுல எனக்கு மட்டுந்தான் பிள்ள செத்திருக்கான்."



வடிவு அன்றே பிழைப் புகார் ஒன்றைத் திறந்தாள். செயலியைப் பயன்படுத்துகிறவர் மட்டுமே புகார் பதியலாம் என்று படிவம் திருப்பி அனுப்பியது. மறுநாள் சவரிமுத்துவைத் தேடி வீட்டுக்குப் போனாள். திரேஸ்புரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது வீடு. அவர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தனக்கு எந்தக் குறையும் இல்லை என்றார். நடக்க முடிகிறது, தூக்கம் வருகிறது, எதற்காகப் புகார் எழுதுவது என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"ரெக்ஸன நெனச்சா எப்படி இருக்கு அண்ணாச்சி?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பேப்பர்ல எவனோ ஒருத்தன் செத்துப்போனான்னு படிச்சா ஐயோ பாவம்னு இருக்கும்லா. அப்படி இருக்கு. அவன் என் மவன்னு தெரியுது. அழணும்னும் தெரியுது. அழுகதான் வர மாட்டேங்கு."

அப்போதுதான் வடிவுக்குத் தான் செய்தது முழுதாக விளங்கியது. புகார் கொடுக்க வேண்டுமென்றால் மனசு நோக வேண்டும். அந்த நோவைத்தான் அவளுடைய நிரல் எடுத்துவிட்டிருந்தது. இந்தப் பிழையை இது இருப்பவர்கள் யாரும் ஒருநாளும் சொல்லப்போவதில்லை. எந்தச் சோதனையிலும் இது சிவப்பாக விழாது.

அடுப்படி வாசலில் நின்ற லூர்தம்மாள், அதை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை. சவரிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ ரெண்டு வாரமா சரியா சாப்பிடல. எனக்கு என்ன, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வடிவிடம். "எடுத்துருங்கம்மா."

வடிவு கையில் வைத்திருந்த கருவியை அவர் பிடரியில் தொட்டுத் தணிப்பானை நீக்கினாள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெளியே மீன் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சவரிமுத்து படகு கவிழ்ந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார். லூர்தம்மாள் சொன்னாள். தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்திருப்பான் என்று கேட்டார். அவருடைய கை, நாற்காலியின் கைப்பிடியை விட்டு எதையோ தேடுவதுபோல் காற்றில் அலைந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று வடிவுக்கு முதலில் தெரியவில்லை. கொடியில் மகனுடைய சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எழுந்தவர் இரண்டாவது அடியில் விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை லூர்தம்மாளும் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். இருவரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வடிவு சுவரோரம் நின்று அழுதாள். கருவி கையிலேயே இருந்தது.

தணிப்பானைத் திரும்பப் போடவா என்று அவள் மெல்லக் கேட்டபோது சவரிமுத்து தலையை ஆட்டி மறுத்தார். இப்படி விழுந்து விழுந்து எழுவதைவிடத் தகட்டையே அணைத்துவிடச் சொன்னார். அணைத்தாள். கால்கள் துணிபோலக் கிடந்தன. பரணில் கிடந்த பழைய சக்கர நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இறக்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அவரே தன் கையால் புகார் எழுதினார். ஒன்றரைப் பக்கம். அதில் தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. மகனை அடக்கம் செய்த அன்று நான் அங்கே இல்லை என்று எழுதியிருந்தார்.

அந்தப் புகாரை எடுத்துக்கொண்டு வடிவு மேலாளர் தியாகேசனின் அறைக்குப் போனபோது, அவரே அவளைக் கூப்பிட ஆள் அனுப்ப இருந்ததாகச் சொன்னார். முகமெல்லாம் மலர்ச்சி. அவளுடைய தொண்ணூறு வரி தலைமையகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு லட்சம் பேருக்கு அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒத்துவராமல் கிடந்த அறுபத்தொரு பழைய செயலிகள் அத்தனையும் ஒத்துப் போய்விட்டன. உடம்பு அமைதியாக இருந்தால் செயலிகளுக்குள் போட்டியே வருவதில்லை. ஒரு புகார்கூட இல்லை. பன்னிரண்டாம் பதிப்பில் தணிப்பான் தனிச் செயலியாக இல்லாமல் தளத்துக்குள்ளேயே சேர்க்கப்படுகிறது. தகடு உள்ள எல்லோருக்கும் அடுத்த மாதம் போகிறது.

வடிவு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைத் தூக்கியதை, உப்புக் குறைவு என்றதை, புகார் ஏன் வராது என்பதை. தியாகேசன் கல்நெஞ்சர் இல்லை. கேட்டுக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எந்தச் சோதனைல தோக்குதுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டு வடிவு. நான் நிறுத்திடுறேன்."

"சோதனைல தோக்காது சார். அதுதான் பிழை."

"அதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அவள் சவரிமுத்துவின் புகாரை நீட்டினாள். அவர் புகாரின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். தகடு இயக்கத்தில் இல்லாதவர், பயனராகக் கருத இயலாது, புகார் முடிக்கப்பட்டது.

அவள் புதுப் பதிப்புக்கான ஒத்திசைவுச் சான்றிதழில் கையெழுத்திட மறுத்தாள். வேறொருவர் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டாம் பதிப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சம்மதம் கேட்டு வடிவின் கைத்திரையிலும் அறிவிப்பு எழுந்தது. அவள் தொடவில்லை. ஏழு நாள் இருந்தது. மருத்துவர் சங்கத்துக்கு எழுதினாள், இரண்டு பத்திரிகைகளுக்கு எழுதினாள், நீதிமன்றத்தில் மனுப்போட வழி உண்டா என்று வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் பேசியவர்கள் பதறினார்கள். நான்காம் நாளிலிருந்து யாரும் பதறவில்லை. சொல்வது நியாயம்தான் என்றார்கள், கவனமாகக் குறித்துக்கொண்டார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். தெருவில் ஒலிப்பான் சத்தம் குறைந்துவிட்டது. பேருந்தில் இடித்தவரும் இடிபட்டவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை காலை. வ.உ.சி. சாலையைக் கடக்கும்போது அவளுடைய இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. பத்தொன்பது வயதில் விழுவதற்கு முன் வந்த அதே துடிப்பு, ஆறு நாள் தூக்கமின்மையில் தகட்டையும் மீறி வந்தது. வாயில் பித்தளை ருசி. நாளைக்கு வலை துண்டிக்கப்பட்டுவிடும், அதன்பிறகு தடுக்க எதுவும் இருக்காது. அவள் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தாள். ஈரமான விரலால் திரையில் சம்மதம் என்ற இடத்தை அழுத்தினாள். மூன்று முறை அழுத்தின பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

துடிப்பு நின்றது. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதற்காக இத்தனை நாள் இப்படி அலைந்தோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காரணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. அவை கனக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரம் போனாள். போவதாகச் சொல்லியிருந்ததால் போனாள். லூர்தம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதை வைத்ததுபோலக்கூட இருந்தது. மகனுடைய துணிகளைக் கோயிலில் கொடுத்துவிட்டதாகவும், யாருக்காவது உதவும் என்றும் சொன்னாள். ஒரே ஒரு சட்டையை மட்டும் இவர் விடவில்லை என்றாள்.

சவரிமுத்து சக்கர நாற்காலியில் சன்னலோரம் இருந்தார். கண்கள் வீங்கி, பத்து நாள் தாடி வளர்ந்திருந்தது. சட்டை மடியில் இருந்தது. வடிவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவசரமாகப் பக்கத்தில் வந்தார். லூர்தம்மாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கிழமையிலருந்து இப்படித்தாம்மா இருக்கா. இவளுக்கு எடுத்துருங்க. எனக்கு எடுத்தீங்கள்லா, அதே மாதிரி."

வடிவு அவருக்கு விளங்கும்படி சொன்னாள். அவருக்கு இருந்தது தனிச் செயலி. இது தளத்துக்குள்ளேயே இருக்கிறது. இதை எடுப்பதென்றால் தகட்டையே அணைக்க வேண்டும். தகட்டை அணைத்தால் லூர்தம்மாளுக்குச் சர்க்கரை மருந்து சுரக்காது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

சவரிமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அன்னைக்கு அந்தச் செவரோரமா நின்னு அழுதீங்க."

"ஆமா அண்ணாச்சி. ஞாபகம் இருக்கு."

"உங்களுக்கும் வந்துட்டா?"

"வியாழக்கிழமை" என்றாள் வடிவு.

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் துடைப்பதுபோல முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் கையில் அன்புக்குக் குறைவில்லை. இப்படியே விட்டால் உடம்பு கெட்டுப்போகும் என்று வடிவிடம் சொன்னாள். தகட்டைத் திரும்ப முடுக்கிவிட்டால் நடக்கவும் செய்வார், இந்த அழுகையும் நின்றுவிடும் அல்லவா என்று கேட்டாள்.

நின்றுவிடும், ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும் என்றாள் வடிவு.

"வேண்டாம்" என்றார் சவரிமுத்து. நாற்காலியின் சக்கரங்களைப் பின்னோக்கித் தள்ளினார். முதுகு சுவரில் இடித்தது. சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

லூர்தம்மாள் வடிவுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தானும் ஒன்றில் உட்கார்ந்தாள். இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.